பாவமா? வியாதியா?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் இராமாநுஜர் பிறந்த ஊர் என்பார்கள். இன்றோ அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையில் காரும் செல்போனும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. அங்கே ஒரு இயந்திரம் நின்றுபோனால் அதன் பூர்வஜென்ம வினை என்னவென்று யாரும் விசாரிப்பதில்லை. எந்தப் பாகம் கெட்டது என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் அதே இயந்திரத்தை ஓட்டும் தொழிலாளியின் மூளை சோர்ந்துபோனால் மாத்திரம் சோளிங்கருக்கும் குணசீலத்துக்கும் ஓடுகிறார்களே, இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம்.

மனச்சோர்வு முற்றியவர்களில் சிலருக்குப் பிரமையும் சேர்ந்துகொள்ளுகிறது. "நான் மகாபாவி, என்னால் குடும்பமே அழிகிறது, என் குடல் அழுகிவிட்டது" என்று உறுதியாய் நம்புகிறார்கள். இல்லாத குரல் திட்டுவதாகக் கேட்கிறார்கள். அத்துடன் கவனம் நிற்பதில்லை. சற்றுமுன் கேட்டது மறந்துபோகிறது. சிறு கணக்குக்கும் வெகுநேரமாகிறது. இக்குறை, பிரமையில்லாத மனச்சோர்வுக்காரர்களைவிட இவர்களுக்கு அதிகமென்றும், மனச்சிதைவு நோயாளிகளுக்குப் பொதுவாக இன்னும் அதிகமென்றும் வைத்தியர்கள் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய வைத்தியர் கிரேப்பலின் 1899-லேயே பைத்தியம் என்பது ஒன்றல்ல, பல வியாதிகள் என்று பிரித்துக் காட்டினார். நம் பூசாரிக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: பேய்!

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. வியாதி நோயாளியின் காதில் "நீ பாவி" என்கிறது. கர்மபலன் பேசும் சாஸ்திரியும் அதையேதான் சொல்லுகிறார். நோயாளி சொன்னால் பிரமை. சாஸ்திரி சொன்னால் வேதாந்தமா? உயிரை விடத் துணிந்து நிற்பவனிடம் "எல்லாம் உன் பாவந்தான்" என்பது அவன் கையில் கயிற்றை எடுத்துக் கொடுப்பதல்லவா?

இதில் எந்த மதமும் விலக்கல்ல. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டு, ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டார்கள். எந்தக் கடவுளும் வந்து அவர்கள் சங்கிலியை அவிழ்க்கவில்லை. நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாதென்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டந்தான் தடுத்திருக்கிறது.

வைத்தியம் இல்லாமலுமில்லை. சோர்வுக்கான மருந்தையும் பிரமைக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். கடுமையான நிலையில், மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்சார சிகிச்சை நல்ல பலன் தருகிறது. ஆனால் பிரமை நீங்கிய மறுநாளே ஞாபகமும் கவனமும் முழுதும் திரும்பிவிடா. மெதுவாகவே திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் குறை நிற்கவும் கூடும். ஆகையால் குணமாகி வேலைக்கு வந்தவனை மந்தன், சோம்பேறி என்று முதலாளிகள் விரட்டக்கூடாது. சில காலம் இரவு ஷிப்டில்லாத இலகுவான வேலை கொடுப்பது தருமமல்ல, கடமை.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ வாடகை அறையிலோ இப்படி ஒருவர் இருந்தால், ஜோசியனுக்கும் மந்திரவாதிக்கும் கொடுக்கும் காசைப் பஸ்ஸுக்குக் கொடுத்துக் கீழ்ப்பாக்கம் அரசாங்க மனநல ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமலே டெலிபோன் செய்து யோசனை கேட்கலாம். அவனுக்கு வேண்டியது பரிகாரமல்ல. பரிகாரம் செய்யவேண்டிய பாவம் எதுவும் அவன் செய்யவில்லை.