கிராக்கியும் தறிக் கணக்கும்

தீபாவளி விற்பனை முடிந்ததும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் இருப்பைச் சரிபார்க்கச் செல்லும் நமக்கு, ஆண்டுதோறும் ஒரே காட்சிதான் கிட்டுகிறது. கேட்ட நிறத்தில் சேலை இல்லையென்று வாடிக்கைக்காரர் பலர் திரும்பிப் போயிருப்பர். அதே சங்கத்தின் அலமாரியிலோ கேட்பாரற்ற சேலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருக்கும்.

இதற்கு நிர்வாகிகள் பலர் கூறும் பரிகாரம், தறிகளைக் கூட்ட வேண்டும் என்பது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

அங்கத்தினர் பதிவேட்டில் 100 தறிகள் இருந்தால் 100 தறிகளின் உற்பத்தியையே நிர்வாகம் எதிர்பார்க்கிறது. அவற்றுள் சில பாவின்றி நிற்பவை. சிலவற்றின் உரிமையாளர் முதுமையால் தறியில் இறங்குவதில்லை. சிலர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டனர். உண்மையில் ஓடுவது 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலைக்கு இரண்டு நாள், மாதம் 24 வேலை நாள் எனில் 720 சேலைகளே கிட்டும். அதிலும் மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. குழித்தறியில் நீர் ஊறும். கிராக்கி உச்சமடையும் வேளையிலேயே தறி தளர்கிறது. புதுத் தறி வாங்கினால் அதற்கும் இதே மழைதான்!

ஆகவே தீபாவளிச் சரக்கு ஆனி, ஆடியிலேயே தறி ஏற வேண்டும். அப்படியானால் சரக்குத் தேங்காதா, வங்கி வட்டி ஏறாதா என்பர். நியாயமான கேள்வியே. எதை முன்கூட்டி நெய்வது, எதை ஒத்திப்போடுவது என்று பிரித்தறிய வேண்டும். தவறாமல் விற்கும் வேட்டி, துண்டு, போர்வை ஆகியவற்றை மந்த மாதங்களில் நெய்து வைக்கலாம். நிறமும் புட்டாவும் ஆண்டுக்காண்டு மாறும் சேலைகளின் நிலை வேறு. ஒரு பாவில் பல சேலைகள் அடங்கும். பாவு ஏறியபின் அதன் நிறத்தை மாற்ற முடியாது. நாற்று விட்டபின் நெல் ரகத்தை மாற்ற முடியாதென்பதை அறிந்த நம் விவசாய அங்கத்தினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆதலால் நூலை வெள்ளைச் சிட்டங்களாகவே இருப்பில் வைத்து, வாரந்தோறும் கடை விற்பனையைப் பார்த்துச் சிறுகச் சிறுகச் சாயமிடுவதே உத்தமம். ஒரே பாவில் ஊடையையும் முந்தானையையும் மாற்றியும் புதுமை காட்டலாம். சிறு அளவென்றால் சாயக்காரர் முணுமுணுப்பார். கூலியும் சற்றுக் கூடும். தேங்கிய சேலையை நட்டத்திற்குத் தள்ளிவிடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

1983-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் போன்ற ஆர்டர்கள் வேலை தருவது உண்மையே. ஆனால் எல்லாத் தறிகளையும் அதற்கே ஒப்படைக்கும் சங்கம் தன் கடையை மறந்துவிடும்.

இவற்றைவிட நம்மை வருத்துவது வேறொன்று. நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில், தீபாவளி கழிந்ததும் பல வாரங்கள் பாவு கொடுக்கவில்லை. கிராக்கி குறைந்ததன் பாரம் முழுவதும் நெசவாளியின் அடுப்பில் இறங்கியது. அடுத்த ஆடியில் சங்கம் அவர்களைத் தேடியபோது பலர் தனியார் வியாபாரியிடம் முன்பணம் பெற்று அவருக்கு நெய்துகொண்டிருந்தனர். நிர்வாகம் அப்போதும் தறிகள் போதவில்லை என்றே தீர்மானம் எழுதியது!

நிர்வாகக் குழுவினர் ஆனி மாதக் கூட்டத்திற்கு ஓடும் தறிகளின் பட்டியலைக் கேட்டுப் பெறட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கடைசியாகப் பாவு வாங்கிய தேதியும் இருக்கட்டும்.