பரங்கிப்பேட்டையில் ஒரு ஸ்வீடன் கடை!

கடலூர் முதுநகர்ல ரயில் ஏறினா ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பரங்கிப்பேட்டை. அப்புறம் கிள்ளை, சிதம்பரம். நம்ம காலேஜ் கூட்டம் அரட்டை அடிச்சுக்கிட்டே கடந்து போற ஸ்டேஷன்தான். ஆனா, இந்த ஊருக்குள்ள கால் வைக்க ஐரோப்பாவே அடிச்சுக்கிட்ட கதை தெரியுமா பாஸ்?

முதல்ல பேரு. பரங்கின்னா காய் இல்லீங்க... போர்ச்சுக்கீசியர்கள்! அவங்க வெச்ச பேரு போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். மஹ்மூத் பந்தர்னு இன்னொரு பேரும் உண்டு. பந்தர்னாலும் பாரசீகத்துல துறைமுகம்தான். வெள்ளாறு கடல்ல கலக்குற இடம். உள்நாட்டுத் தறியில நெய்த துணி இங்கேயிருந்துதான் கப்பல் ஏறும். அந்தத் துணிக்காக டச்சுக்காரங்க, டேனிஷ்காரங்க, இங்கிலீஷ்காரங்கன்னு வரிசையா வந்தாங்க.

லேட்டா வந்தவங்க ஸ்வீடன்காரங்க. 1731-ல கோத்தன்பர்க் நகரத்துல ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பம். 1733 பிப்ரவரியில கிளம்பின 'ராணி உல்ரிகா எலியனோரா' கப்பல், செப்டம்பர்ல பரங்கிப்பேட்டை வந்து சேர்ந்துச்சு. உள்ளூர் ஆட்சியாளர்கிட்ட அனுமதி வாங்கி பண்டகசாலை போட்டாங்க. அடுத்த மாசமே மெட்ராஸ்லேர்ந்து இங்கிலீஷ் படை, பாண்டிச்சேரியிலேர்ந்து பிரெஞ்சுப் படை. ரெண்டும் கூட்டு சேர்ந்து வந்து கடையைக் காலி பண்ணிட்டாங்க!

இத்தனைக்கும் ஸ்வீடனோட யாருக்கும் போர் கிடையாது. ஸ்வீடன் கொடிக்குக் கீழே ஸ்காட்லாந்துக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் தனியா யாவாரம் பண்றாங்கன்னுதான் லண்டன் கம்பெனிக்குக் கடுப்பு. பின்னாடி ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கப்போற ரெண்டு பேர், மூணாவது ஆள் கடை போட்டதும் கை கோத்துட்டாங்க. ஸ்வீடன் கம்பெனி அதுக்கப்புறம் பெரும்பாலும் சீனாவுல தேயிலை வாங்கியே பிழைச்சு, 1813-ல மூடுவிழா கண்டது.

1781 ஜூலை 1-ம் தேதி இதே ஊர்ப் பக்கம் ஹைதர் அலியோட பெரும்படையை அயர் கூட் தோற்கடிச்சார். அது ஹிஸ்டரி புக்லயே இருக்கு. இன்ஜினீயரிங் பசங்க படிக்கவேண்டிய சேப்டர் அதுக்கு அப்புறம்தான்.

ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி உத்தியோகத்தை விட்டுட்டு 1830 வாக்குல இங்கே இரும்பு ஆலை ஆரம்பிச்சவர். தாது சேலம் பக்கத்துலேர்ந்து. எரிபொருள்? நிலக்கரி கிடையாது, மரக்கரி. உலை எரிய எரிய காடு தேய்ஞ்சது. விறகுக்கு இன்னும் தூரம் போகணும், செலவு ஏறும். அரசாங்கம் பணம் கொடுத்தும் தாங்கலை. 1860-கள்ல ஆலை அணைஞ்சுபோச்சு.

ஹீத்தோட மூளை மட்டும் சூப்பர் ஹிட். உருக்குல மாங்கனீசு சேர்க்குற முறைக்கு 1839-ல இங்கிலாந்துல பேட்டன்ட் வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் கொழிச்சன. அவருக்கு ஏஜென்ட்டா இருந்தவரே அதைக் கொஞ்சம் மாத்தி மலிவா செய்ய, கேஸ் வருஷக்கணக்கா இழுத்துச்சு. 1851-ல ஹீத் இறந்துபோனார். தீர்ப்பும் கடைசியில அவருக்கு எதிராத்தான்!

இதெல்லாம் பழங்கதைன்னு தள்ளிட முடியாது ஃப்ரெண்ட்ஸ். நம்ம கரைக்குப் பெரிய பெரிய திட்டங்கள் வந்துக்கிட்டேதான் இருக்கு. கடலூர் பக்கம் பாதி கட்டின எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 2011 டிசம்பர் தானே புயல்ல சிதைஞ்சது. பரங்கிப்பேட்டை பக்கத்துல 1,200 மெகாவாட் அனல் மின்நிலையம் எழும்பிருச்சு. ஒவ்வொரு தடவையும் நமக்குச் சொல்றது ஒண்ணுதான்: வேலை கிடைக்கும். கிடைச்சா சந்தோஷம். ஆனா எரிபொருள் எங்கேயிருந்து வருது, தண்ணி எங்கே போய்ச் சேருது, புயல் வந்தா என்ன ஆகும், மூடிட்டா ஊருக்கு என்ன மிஞ்சும்... இதைக் கேக்குறது இன்ஜினீயர் வேலைதானே? ஹீத்தோட ஆலையில இதைச் சரியா கேட்டிருந்தா, காடாவது மிஞ்சியிருக்கும்.

வெள்ளாற்றங்கரையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு. மீனையும் நண்டையும் கழிமுகத்தையும் பத்திப் படிக்கிற இடம். இந்தக் கேள்விகளுக்குப் பாதி பதில் அங்கேயே கிடைக்கும். அடுத்த தடவை ரயில் பரங்கிப்பேட்டையில நின்னா, அரட்டையை நிறுத்திட்டு இறங்கிப் பாருங்க மக்களே!

(அடுத்த வாரம்: 1690-ல தேவனாம்பட்டினத்துல பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் ஊரை வாங்கின கதை!)