மரபணு அடையாளம்: கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தேடுறாங்க, கம்பம் திராட்சைக்கு உதவுமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் கிறிஸ்துமஸ் மர வியாபாரிகளுக்குப் பெரிய தலைவலி, வெட்டின மரத்தின் ஊசி இலைகள் வீட்டுக்கு வந்ததும் கொட்டுவதுதான். ஆனால் சில மரங்களில் வாரக்கணக்கில் இலை உதிராது. இது பெரும்பாலும் பரம்பரைக் குணம். அதனால், அந்தக் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளங்களை, அதாவது ‘மார்க்கர்’களை, வாஷிங்டன், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

சரி, இதுக்கும் தேனி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கும் உதிர்வுப் பிரச்னை உண்டு. காம்பு சேரும் இடத்தில் செல் அடுக்கு பிரிந்தால் பழம் கழன்று விழும். குலை குலையாக வைத்தால்தான் விலை. உதிரிப் பழத்தை யார் கேட்பார்கள்?

மார்க்கரின் லாபம் நேரம்தான். விதையிலிருந்து வளர்க்கும் திராட்சைச் செடி காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், நாற்றின் ஓர் இலையைச் சோதித்தே தேறாததைக் கழித்துவிடலாம். பன்னீர் திராட்சையான மஸ்கட் ஹாம்பர்க்கின் தாய் தகப்பனே டிஎன்ஏ சோதனையில்தான் உறுதியானது: ஸ்கியாவா கிராஸாவும், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும்.

இது மரபணு மாற்றப் பயிரா?

இல்லை. வெளியிலிருந்து எந்த மரபணுவும் நுழைவதில்லை. வழக்கமான ஒட்டுக் கலப்புதான், தேர்வு மட்டும் சீக்கிரம். வெள்ளத்தைத் தாங்கும் சிஆர் 1009 சப்-1 நெல் இப்படி வந்ததே. நியூட்ரினோ திட்டத்தில் விஞ்ஞானிகளோடு முட்டிக்கொண்ட பொட்டிப்புரம் பக்கம் இந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையான சிக்கல் வேறு. பன்னீர் கொடிகள் எல்லாம் குச்சி வெட்டி நட்டவை. ஒரே ரகத்தின் நகல்கள். எனவே தேர்ந்தெடுக்க உள்ளூர்த் தோட்டங்களில் பெரிய வேறுபாடு இருக்காது. வேறு ரகத்தோடு கலக்கணும். கலந்தால் பிறப்பது புது ரகம். அதைக் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று விற்க முடியுமா? புவிசார் குறியீடு பதிவான ரகத்துக்குத்தானே! ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உதிராத ரகத்தை அங்கே உருவாக்கினாலும், பெயரை வைத்துக் கிடைக்கிற விலையை விட விவசாயிக்கு மனசு வரணும்.