இடுப்புக் குழி முறிந்தால்

தொடை எலும்பின் தலை சுழலும் இடுப்புக் குழி, தடித்த தசைகளுக்கடியில் ஆழப் புதைந்து கிடப்பது. அது முறிந்தால் இழுவைக் கட்டும் படுக்கையுமே கதியென்றிருந்த காலம் உண்டு. 1964-இல் ஜூடே சகோதரர்களும் லெதூர்னெலும் ஆகிய பிரெஞ்சு நிபுணர்கள் இம்முறிவுகளை வகைப்படுத்தி, எவ்விடத்தில் கீறிப் பொருத்துவதென்று வழி காட்டினர். ஆனால், கீறிய வழியில் கிருமியும் புகக்கூடும்.

காயம் சீழ்ப்பிடித்துவிட்டால் வைத்தியரின் கைராசியையும் நோயாளியின் கிரகத்தையும் பழிப்பது நம்மவர் வழக்கம். காரணங்களோ கண்கூடானவை. பருத்த உடலில் கீறல் ஆழமாகிறது. கொழுப்பிலோ இரத்தவோட்டம் குறைவு. நீரிழிவும் புகைப் பழக்கமும் காயம் ஆறுவதைத் தடுக்கின்றன. மோதிய வேகத்தில் தோல் கிழியாமலே உள்ளே தசையினின்று பிரிந்து, இரத்தமும் நிணநீரும் தேங்குவதுண்டு. வெளியே கன்றிய அடையாளம் மட்டுமே தெரியும். அத்தேக்கம் கிருமிக்கு நல்ல விளைநிலம். சிகிச்சை நீடித்தாலும், இரத்தம் மிகுதியாக இழந்தாலும் அபாயம் ஏறும்.

இவற்றுள் விபத்தின் கொடுமையை நாம் மாற்றவியலாது. மற்றவற்றில் வீட்டாருக்கும் பங்குண்டு. சர்க்கரை வியாதியையும் பீடி, சிகரெட்டையும் கௌரவம் கருதி மறைப்பானேன்? வைத்தியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். பார்க்க வருவோர் கட்டைத் தொட்டுப் பார்க்கவும், பச்சிலை வைக்கவும் இடங்கொடாதிருப்போம். வீடு திரும்பிய பின் காய்ச்சலோ, காயத்தில் கசிவோ, வலி மிகுதியோ காணின், நல்ல நாள் பாராமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு விரைவோம். தாமதித்தால் பொருத்திய மூட்டே பாழாகிவிடும்.