பஞ்சாரத்து மருந்தும் பறிபோகும் பெயரும்

கோழி இறகு சிலிர்த்து, தலை தொங்கி, மூலையில் ஒடுங்கிய அன்றே நோயைக் கண்டுகொண்டவை சிற்றூர்ப் பெண்டிரின் கண்கள். எச்சம் வெளுத்துக் கழியும் நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் வெள்ளைக்கழிச்சல். எழுத்தறியாதவளும் அப்பெயரைக் கேட்ட அளவில் தன் கூட்டை நோக்கி ஓடுவாள். அந்நோய்க்கே பாடநூலும் மருந்துக்கடையும் இன்று வழங்கும் பெயரோ இராணிக்கேத்து! 1920களில் அந்நோய் கண்டறியப்பட்ட இமயமலைச் சாரலூர் ஒன்றின் பெயர் அது. ஆங்கிலேயர் தம் ஊரின் பெயரால் நியூகாசில் என்றனர். ஊர்ப்பெயர் நோயின் குறியை எங்ஙனம் சொல்லும்? இராணிப்பேட்டையில் தோன்றிய நோய் என்று மயங்குவாரும் உளர். அங்கு உருவாவது நோயன்று. அந்நோயைத் தடுக்கும் மருந்தே அங்குள்ள அரசு நிறுவனத்தில் ஆக்கப்பெறுகின்றது.

பெயர் போனால் போகட்டும், கோழி பிழைத்தால் போதாதா என்பர் சிலர். பெயர் போன வழியே மருந்தும் போகும் என்பதை அவர் அறியார். கீழாநெல்லி வரப்பில் காலில் மிதிபடும் செடி. இலையின் கீழே நெல்லி போன்ற சிறுகாய்களை வரிசையாகத் தாங்குவதால் அதற்கு அப்பெயர். பெயரறிந்தவன் செடியைத் தவறவிடான். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றொடு அதனை அரைத்துத் தவிட்டில் பிசைந்து உருட்டிக் கொடுப்பது ஊர்வழக்கு. அப்பெயரை மறந்த மகனோ செடியைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டு, ஒட்டுத்தாளில் பைலாந்தசு என்று பொறித்த ஈரல் நீர்மத்தைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றான். வரப்பில் கிடந்தவரை மூடநம்பிக்கை. புட்டியில் புகுந்தவுடன் அறிவியலாம்!

அந்தியில் கூட்டருகே நொச்சியிலை மூட்டம் போட்ட பாட்டியை எள்ளி நகைத்தவர் எத்துணைப் பேர்! கோழியம்மையின் நச்சுயிரியைக் கொசுவும் சுமந்து பரப்புகின்றது என்று இன்று அவர்களுடைய நூல்களே கூறுகின்றன. அம்மைக் கொப்புளத்தில் வேப்பிலையும் துழாயும் மஞ்சளும் அரைத்துப் பூசியதும், அடைக்கூடையில் வேப்பிலை பரப்பிச் செள்ளை விரட்டியதும் அப்பாட்டியின் கைவினையே.

ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. வெள்ளைக்கழிச்சல் கூட்டில் புகுந்தபின் அதனைத் தீர்க்கவல்ல பச்சிலையும் இல்லை, ஆங்கில மருந்தும் இல்லை. முற்கூட்டி இடும் தடுப்புமருந்து ஒன்றே அரண். பச்சிலையே போதும் என்று அதனை மறுப்பவன் தமிழ் மருத்துவத்திற்கு நண்பனல்லன். அவன் கூட்டில் கோழிகள் மடிந்தபின் ஊர் பழிப்பது அவனையன்று, கீழாநெல்லியை! கூட்டைத் துப்புரவாக வைப்பதும், உடலுரம் பேணுவதும், புண்ணாற்றுவதும், செள்ளை விரட்டுவதுமே பச்சிலையின் பணி. அப்பணி சிறிதன்று.

மாற்றார் அதன் மதிப்பை அறிவர். மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியலார் வழக்காடி 1997இல் அதனை நீக்கினர். வேப்பெண்ணெய்க்கு 1994இல் ஐரோப்பாவில் வழங்கப்பட்ட உரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. பாட்டியின் அறிவு ஏட்டில் ஏறியிருந்ததால் மஞ்சள் வழக்கு வென்றது. ஏடேறாத பாட்டியர் எத்தனை பேர்!

மறுபுறம் பண்ணைகளின் போக்கைக் காண்க. மாந்தர்க்குக் கடைசிக் காப்பாக வைத்திருக்க வேண்டிய கொலிசுட்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கோழி விரைந்து கொழுப்பதற்கென்று தீவனத்தில் கலந்தனர். 2019இல் நடுவண் அரசு அதனைத் தடை செய்யும் வரை கேட்பாரில்லை.

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் இப்பச்சிலைக் கலவைகளைத் தொகுத்துப் பரப்பி வருவது பாராட்டத் தக்கதே. ஆயின் மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாள் இன்னும் தமிழறியாது. செடியின் தமிழ்ப்பெயர் முதலிலும் இலத்தீனப் பெயர் அதன்பின்னும் அச்சாக வேண்டும். நோயின் பெயர் வெள்ளைக்கழிச்சல் என்றே மருத்துவமனைப் பலகையில் எழுதப்பெற வேண்டும். கோழியைக் கூடையில் சுமந்து வரும் கிழவி, எந்த வரிசையில் நிற்பது என்று எவரையும் கேளாமல் தானே அறிந்து நிற்பாள்.