மணிக்கூடு பின்தங்கிய கணினி

வாசக அன்பர் ஒருவரிடமிருந்து நீண்டதொரு கடிதம் வந்துள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றபோது, வீட்டிலிருந்த பழைய மேசைக்கணினியைக் கழித்துவிட மனமின்றி, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவித்தாராம். சில மாதங்கள் குறையேதும் தோன்றவில்லை. அண்மைக் காலமாகவோ, காலையில் கணினியை இயக்கினால் எந்த இணையப் பக்கமும் திறப்பதில்லை. பயர்பொக்ஸ் உலாவியில் எச்சரிக்கைப் பக்கமொன்று தோன்றுகிறது. குரோமியம் உலாவியிலும் அவ்வாறே. அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர். இரண்டு வருடக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அக்கணினியிலேயே உள்ளன. மைத்துனர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொன்றைப் போடுவோம், அத்தான்" என்று நிற்கிறார். மகளோ, "எச்சரிக்கையை ஏற்றுத் தொடரும் பொத்தானை அழுத்தினால் சில பக்கங்கள் திறக்கின்றனவே, அப்பா" என்கிறார். எவர் சொற்படி நடப்பது என்பது அன்பரின் வினா.

இருவர் சொல்லும் வேண்டாம் என்பதே எமது விடை. இயங்குதளத்தை மாற்றினாலும் இந்நோய் போவது நிச்சயமன்று. ஏனெனில் நோயின் வேர் இயங்குதளத்திலும் இல்லை, உலாவியிலும் இல்லை. அன்பர் தமது கடிதத்தின் இறுதியில், பெரிதாக எண்ணாமல் எழுதியுள்ள இரண்டு செய்திகளே எமக்கு அதைக் காட்டிக்கொடுத்தன. திரையின் மூலையில் காணும் திகதி ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கி நிற்கிறது என்பது ஒன்று. மின்சாரச் செலவை எண்ணியும் இடி மின்னலுக்கு அஞ்சியும் இரவில் சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்திவிடுவது தமது வீட்டு வழக்கம் என்பது மற்றொன்று.

கணினி உறங்கும்போதும் அதனுள்ளே ஒரு சிறு மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கும். அதை ஓட்டுவது நாணய வடிவான ஒரு பற்றரி. பெரும்பாலான மேசைக்கணினிகளில் அது சீ.ஆர். 2032 எனக் குறியிடப்பட்ட, 3 வோல்ற்று அளவுடையதாகும். அப்பற்றரி பல வருடங்கள் உழைக்கும். பின்னர் ஓசையின்றித் தீர்ந்துபோகும். தீர்ந்த பின்னரும், சுவர் சுவிச்சு போட்டபடியே இருக்குமாயின், நிறுத்திவைத்த கணினிக்குள் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருப்பதால் மணிக்கூடு நிற்காது. குறை வெளியே தெரியாது. சுவிச்சை நிறுத்திய இரவிலோ அது நின்றுவிடும். மறுநாட் காலையில் கணினி விழித்தெழுந்து, ஏதோ ஒரு பழைய திகதியிலிருந்து எண்ணத் தொடங்கும். சிக்கனமாக வாழும் வீடுகளிலேயே இக்குறை முதலில் வெளிப்படுகிறது என்பது சற்று வேடிக்கையானதுதான்!

திகதி பிழைத்தால் பக்கம் ஏன் திறவாது என்று மாணவ அன்பர்கள் கேட்கலாம். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும், தான் இன்னாரே என்பதற்கு அத்தாட்சியாக ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அடையாள அட்டையைப் பார்க்கும் காவலாளியைப் போல உலாவி அதை வாங்கிப் பார்க்கிறது. அதில் பெயர் சரியா, வழங்கியவர் நம்பத்தக்கவரா என்பவற்றுடன், எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்பதையும் அது கவனிக்கிறது. இச்சான்றிதழ்களின் ஆயுளோ வரவரக் குறுகி வருகிறது. 2020 செப்டெம்பர் முதல் வழங்கப்பட்டவற்றுக்கு உச்ச வரம்பு 398 நாட்கள். 2025இல் செய்யப்பட்ட தீர்மானத்தின்படி அவ்வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள். 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் மாத்திரமே. ஆகவே, ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கிய கணினிக்கு, இன்று உலகிலுள்ள சான்றிதழ்களில் மிகப் பெரும்பாலானவை இன்னும் பிறவாதவை போலத் தோன்றும். காவலாளி தன் கடமையையே செய்கிறான். அவன் கையிலுள்ள நாட்காட்டிதான் பழையது.

எச்சரிக்கைப் பக்கத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கும். கணினியின் நேரம் பின்தங்கியிருப்பதாகக் குரோமியம் வெளிப்படையாகச் சொல்லும்; பயர்பொக்ஸும் பெரும்பாலும் கணினி காட்டும் திகதியை எடுத்தெழுதிச் சரிபார்க்கச் சொல்லும். நம்மில் பலர் அப்பக்கத்தைக் கண்டவுடன் பதறுகிறோமேயன்றி வாசிப்பதில்லை. நான்கு வரிகளை நிதானமாக வாசித்திருந்தால், மைத்துனருக்கு இத்தனை ஆவேசம் வந்திராது.

முதலில், திகதி நேர அமைப்பைத் திறந்து சரியான திகதியைக் கையாற் குறித்து, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். பக்கங்கள் வருமாயின் நோய் இன்னதென்பது உறுதி. அடுத்து, அதே இடத்தில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இணையத்தின் வழியே கணினிகள் ஒன்றோடொன்று நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளும் இம்முறையை டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1980களில் வகுத்தார். இக்கால லினக்ஸ் வகைகளிற் பெரும்பாலானவை இணைப்புக் கிடைத்த சில விநாடிகளில் இம்முறையால் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அன்பரின் கணினி அவ்வாறு செய்யாததனால், யாரோ அவ்வசதியை நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது வழியில் ஏதோ அதனைத் தடுக்க வேண்டும். இவற்றோடு பற்றரியையும் மாற்றிவிடுங்கள். மாற்றுமுன் மின்கம்பியைக் கழற்றிவிடுதல் அவசியம். பழைய கணினிகளிற் சில, பற்றரியை அகற்றியதும் தமது தொடக்க அமைப்புகளை மறந்துவிடும். அவற்றை முன்னரே குறித்துவைத்தல் நன்று.

இனி, மகளின் யோசனைக்கு வருவோம். அந்தப் பொத்தானை அழுத்துவதில் என்ன கேடு? மணிக்கூடு பொய் சொல்லும்வரை எல்லாத் தளங்களுக்கும் ஒரே வகையான எச்சரிக்கை தோன்றும். நாள்தோறும் அதைத் தாண்டிச் சென்று பழகிய கை, ஒருநாள் உண்மையாகவே ஒரு மோசடிக்காரன் இடையில் நின்று போலிச் சான்றிதழைக் காட்டும்போதும் தாண்டிச் செல்லும். அன்று தட்டெழுதும் கடவுச்சொல் அவன் கைக்கே போகும். இதனாலேயே, பாதுகாப்பான வழியன்றி வேறு வழியில் வரலாகாது என்று முன்னரே உலாவிக்கு அறிவித்துள்ள தளங்களுக்கு அப்பொத்தானே காட்டப்படுவதில்லை. வங்கிகள் பலவும் அத்தகையன. "சில பக்கங்கள் மட்டும் திறக்கின்றன" என்று மகள் கண்டதன் காரணமும் இதுவாகலாம். திறக்க மறுத்த பக்கங்களே அவருக்கு நன்மை செய்தவை.

சான்றிதழ்க் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் மணிக்கூடே காரணமென்று கொள்ளவும் கூடாது. 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி, லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலவசச் சான்றிதழ் நிறுவனம் அதுவரை சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழொன்று காலாவதியானது. நேரம் மிகச் சரியாக இருந்தும், நீண்ட காலம் புதுப்பிக்கப்படாத லினக்ஸ் கணினிகளில் கோப்பிறக்கும் கருவிகள் பல அன்று தடுமாறின. பயர்பொக்ஸ் தான் நம்பும் மூலச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டிருப்பதனால், அத்தகைய பழைய கணினிகளிலும் அது பெரும்பாலும் தப்பியது. இயங்குதளத்தையும் உலாவியையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்று நாம் இப்பகுதியில் ஓயாது கூறுவது இக்காரணத்தாலும்தான்.

வேறு வாசகர்கள் வேறு செய்திகளைக் காண்பார்கள். தளத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று உலாவி சொன்னால், பெயரை எண்ணாக மாற்றும் பெயர்ச் சேவையில் கோளாறு என்று ஐயுறலாம். கட்டளைச் சாளரத்தில் 1.1.1.1 என்னும் முகவரிக்குப் பிங் கட்டளையை விடுங்கள். விடை வந்தும் பெயர்கள் மட்டும் திறவாவிட்டால் வழி நன்றாக இருக்கிறது, பெயரேடுதான் பிழை. பயர்பொக்ஸ் தனக்கென வேறொரு பெயர்ச் சேவையை நாடுமாறு அமைக்கப்பட்டிருப்பின், ஓர் உலாவியில் திறக்கும் பக்கம் மற்றதில் திறவாத விந்தையும் நேரும்.

சில தளங்கள் உடனே வந்து, வேறு சில பாதியில் தொங்கி நிற்பதுண்டு. இதுவே ஆளைத் திணறடிக்கும் நோய். இணையத்தில் செய்திகள் பொதிகளாகச் செல்கின்றன. வழமையான உச்ச அளவு 1500 பைற்று. சில வகை இணைப்புகளில் 8 பைற்று வழிச்செலவாகப் போவதால் 1492 பைற்றுக்கு மேல் செல்லாது. பெரிய பொதி திரும்பிவிட்டது என்ற அறிவிப்பும் இடையில் தடுக்கப்பட்டால், அனுப்பியவர் அதே பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். சிறிய பொதிகள் மட்டும் போய்ச் சேரும். லினக்ஸின் வலையமைப்பு அமைப்பில் அவ்வளவை 1492 ஆகக் குறைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

ஒரே ஒரு தளம் மாத்திரம் முரண்டு பிடித்தால், தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே வருமாயின், குற்றம் பழைய குக்கிகளிலோ, விளம்பரத் தடுப்பு முதலிய நீட்சிகளிலோ இருக்கும். "உங்கள் உலாவி ஏற்றதன்று" என்று லினக்ஸைக் கண்டதும் கதவடைக்கும் தளங்களும் சில உள. அது சோம்பலான தள அமைப்பாளரின் செயலேயன்றி உங்கள் கணினியின் குறையன்று. வேறோர் உலாவியால் முயலலாம்; அத்தளத்தாருக்கு ஒரு கடிதமும் எழுதலாம்.

503 என்னும் எண் தோன்றினால் உங்கள் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். சேவையகம் தன்னால் இப்போது இயலாது என்று சொல்கிறது. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இவ்வெண்ணைக் காண நேர்ந்தால், விசையை அடிக்கடி அழுத்துவது கூட்டத்தை இன்னும் பெருக்கும். தேநீர் அருந்திவிட்டு அரைமணி கழித்து வாருங்கள்.