அச்சுக்கட்டையில் இல்லாத பெயர்

துணியில் பூ அச்சிட்ட பழைய மரக்கட்டைகள் இப்போது கலைப்பொருள் கடைகளின் சுவரில் தொங்குகின்றன. கீழே ஒரு சீட்டு: 'நாட்டார் கலை'. அதைக் கலை என்று அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. யாருடைய கலை என்பதுதான் என் கேள்வி.

குஜராத்தின் பெத்தாப்பூர் இந்தக் கட்டைகளுக்குப் பேர்போன ஊர். தேக்குக் கட்டையை இழைத்து, வடிவத்தைக் குறித்து, சிற்றுளியால் செதுக்குவார்கள். வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, உள்ளே நிரப்ப ஒன்று, பின்னணிக்கு ஒன்று. எல்லாம் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். வடிவியல் தெரிந்த மூளையின் வேலை இது. இக்கட்டைகளால் அச்சிட்ட சௌதாகிரித் துணி சியாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கப்பலேறியது. சௌதாகர் என்றால் வணிகர். விற்றவரை வைத்துத் துணிக்குப் பெயர் வந்தது. செதுக்கியவரின் பெயர் கட்டையில்கூட இல்லை.

இது தற்செயல் அல்ல. சிந்திப்பவர் மேல், கையால் உழைப்பவர் கீழ் என்று அடுக்கிய சமூகம், உழைப்பவரின் அறிவை அவருடையதாக ஒப்புக்கொள்ளாது. 'பரம்பரைத் திறமை' என்று சொல்லிப் பிறப்பின் கணக்கில் எழுதிவிடும். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார்.

அந்தக் கணக்கு அருங்காட்சியகத்தோடு முடிவதில்லை. 1953இல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம், 18 தொழில்களில் குருசிஷ்ய மரபையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவதாகச் சொல்கிறது. கைவினைஞருக்குக் கடனும் கருவியும் கட்டாயம் வேண்டும். அதற்குக் குடும்பவழி எதற்கு?

தோழர்களே, அழகான பழைய உளிவேலையைப் பார்த்தால் ரசியுங்கள். கூடவே கேளுங்கள்: செதுக்கியவர் யார், கூலி எவ்வளவு, அவர் பிள்ளை என்ன படித்தது? உளி பிடிக்க விரும்பும் எவருக்கும் அதைக் கற்றுக்கொடுப்போம். உளி பிடித்தவரின் மகள் மருத்துவராக விரும்பினால், அந்தக் கதவையும் திறந்து வைப்போம். இரண்டும் நடக்கும் நாளில்தான் அது கலை. அதுவரை, சுவரில் தொங்குவது பெயர் பறிக்கப்பட்ட ஒருவரின் உழைப்பு.